சூரியன் இறங்காத சஷ்டி

இதை எழுத வேண்டும் என்று நினைத்து எத்தனையோ வருஷம் தள்ளிப்போட்டுவிட்டேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். பேசச் சொன்னால் பேசுவேன், எழுதச் சொன்னால் கை கூசும். அதோடு இது சாமி காரியம். விரதத்தைப் பற்றி வெளியில் சொன்னால் பலன் போய்விடுமோ, நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களோ என்ற பயமும் இருந்தது. இப்போது என் பேத்தி பள்ளிக்கூடம் போகிறாள். இனிமேல் பொத்தி வைக்க என்ன இருக்கிறது? திருச்செந்தூர் முருகன் துணையால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்களுக்கு ஊர் தூத்துக்குடி. துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் என் வீட்டுக்காரர் கடை வைத்திருக்கிறார். கயிறு, தார்ப்பாய், பெயிண்ட், துடைக்கிற துணி வரைக்கும் கப்பல்காரர்களுக்கு வேண்டியது எல்லாம் எங்களிடம் கிடைக்கும். எங்கள் கடையில் யாரும் தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்வதில்லை. நாளில்தான் சொல்வோம். கொழும்பு என்றால் ஒரு ராத்திரி. சிங்கப்பூர் என்றால் நாலைந்து நாள். கப்பல் எத்தனை நாளில் போய்ச் சேருமோ அதுதான் அந்த ஊரின் தூரம். இந்தப் பழக்கம்தான் என்னை நடுவானத்தில் மயங்கி விழ வைத்தது.

என் ஒரே மகள் கனி அமெரிக்காவில் ஹூஸ்டன் பட்டணத்தில் வேலை பார்க்கிறாள். மருமகன் கப்பலில் இன்ஜினியர். பாதி வருஷம் தண்ணீரில்தான் இருப்பார். கல்யாணமாகி ரொம்ப நாளாக அவர்களுக்குக் குழந்தை இல்லை. ஒரு சூரசம்ஹாரத்தன்று திருச்செந்தூர் கடற்கரையில், அந்தப் பெருங்கூட்டத்துக்கு நடுவில் நின்று வேண்டிக்கொண்டேன். "என் பிள்ளை மடியில ஒரு பிள்ளை வார வரைக்கும் வருஷம் தவறாம சஷ்டி விரதம் இருப்பேன். ஆறாம் நாள் தண்ணியைத் தவிர எதையும் தொடமாட்டேன். சூரன் விழுந்து, தலை முழுகின பிறகுதான் வாயில வைப்பேன்." அந்த வார்த்தையை நான் ஒரு வருஷமும் மீறியதில்லை.

முருகன் கண் திறந்தார். கனிக்குக் குழந்தை உண்டானது. ஆனால் கடைசி மாதத்தில் வயிற்றில் நீர் குறைகிறது, சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிடு என்று டாக்டர் சொல்லிவிட்டார். மருமகனின் கப்பல் அப்போது பிரேசில் பக்கம் நின்றது. அவள் தனியாள். நான் வெள்ளிக்கிழமைக்குள் போயாக வேண்டும். காலண்டரைப் பார்த்தால் அந்த வெள்ளிக்கிழமைதான் சஷ்டி.

"இந்த ஒரு வருஷம் விட்டுரு. சாமி ஒண்ணும் கோவிக்காது" என்றார் என் வீட்டுக்காரர்.

"பிள்ளை இன்னும் மடிக்கு வரலியே. வயித்துலதான இருக்கு? இப்பம் போய் விடச் சொல்லுதீய?"

அவர் கனிக்குப் போன் போட்டு விசாரித்தார். போனை வைத்துவிட்டு, கடையில் விலை சொல்கிற தோரணையில் சொன்னார். "ஏளா, வெள்ளிக்கிழமை காலையில தோஹாவுல ஏறுத. வெள்ளிக்கிழமை சாயங்காலமே ஹூஸ்டன்ல இறங்கிருத. ஒரு பகல் தூரம், அவ்வளவுதான். கனி வீட்டுல தலை முழுகிட்டுச் சாப்பிடு. உனக்குப் பதிலா நான் திருச்செந்தூர் மணல்ல நிக்கேன்."

ஒரு பகல்தானே! எங்கள் இரண்டு பேருக்கும் அதில் ஒரு சந்தேகமும் வரவில்லை.

வியாழக்கிழமை எங்கள் ஊர் வாகைக்குளம் ஏர்போர்ட்டில் அவர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கட்டிவிட்டார். பெரிய ஆம்பளைக் கடிகாரம். முழங்கை வரை ஓடியது. "முள்ளைத் திருப்பாத. நம்ம ஊரு நேரம் தெரிஞ்சாத்தான் போன் பண்ணத் தோதா இருக்கும்." என் பையில் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற லேகியம், கருப்பட்டி, கனிக்குப் பிடித்த மக்ரூன், விரதம் முடிக்க ஒரு டப்பாவில் தினைமாவு உருண்டை, அதோடு சேர்க்க ஒரு பாட்டில் தேன். ஐந்து நாளாகப் பாலும் பழமும்தான் சாப்பாடு என்றாலும் தெம்பாகத்தான் இருந்தேன்.

விமானம் மேலே ஏறியதும் கீழே உப்பளம் பாத்தி பாத்தியாகக் கண்ணாடித் துண்டுகள் போலத் தெரிந்தது. பிறந்ததிலிருந்து அந்த ரோட்டில் போகிறேன், இப்படி ஒரு அழகு அதற்கு உண்டு என்று தெரியாது.

சென்னையில் சோதனை செய்கிற பெண் என் தேன் பாட்டிலை எடுத்து வைத்துக்கொண்டாள். "தண்ணி மாதிரி எதுவும் கொண்டு போகக் கூடாதும்மா."

"இது தண்ணியில்லம்மா, தேன். சாமிக்குள்ளது."

"சாமியே வந்தாலும் விட மாட்டாங்கம்மா" என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

தோஹாவில் விடிந்தது. ஏர்போர்ட்டா, ஒரு ஊரா என்று தெரியவில்லை. கட்டடத்துக்குள்ளேயே ரயில் ஓடுகிறது. நான் ஏறி, இறங்கத் தெரியாமல் கடைசி வரை போய், அதே ரயிலில் திரும்பி வந்து, மறுபடியும் போனேன். ஓட்டுநர் என்று ஒருத்தர் இருந்தால் "அண்ணாச்சி, நிறுத்துங்க" என்று கேட்கலாம். அந்த ரயிலுக்கு ஓட்டுநரே இல்லை. கடைசியில் கூட்டம் இறங்கிய இடத்தில் நானும் இறங்கினேன். அதுதான் சரியான இடம். பல் துலக்கி, முகம் கழுவி, விபூதி பூசிக்கொண்டு விமானத்தில் ஏறினேன். அப்போதிருந்து தண்ணீர் மட்டும்.

எனக்கு இடது பக்கம் ஜன்னல் சீட். பக்கத்தில் வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஒரு அம்மா, என்னைவிடப் பத்து வயது மூத்தவர்கள். நான் "முருகா" என்று உட்கார்ந்ததைக் கேட்டுத் திரும்பினார்கள்.

"தமிழா? நீங்கோ எந்த ஊரு?"

"தூத்துக்குடி."

"அல்லாஹ்வே! நான் காயல்பட்டணம்! இவ்வளவு தூரம் வந்து பக்கத்து ஊருக்காரிக்கிட்டயா உக்கார வச்சிருக்கான்!"

காயல்பட்டணத்தில் அக்காவை லாத்தா என்பார்கள். நானும் லாத்தா என்றே கூப்பிட்டேன். வீட்டுக்காரர் வியாபாரத்தில் இருந்ததால் ஹாங்காங்கில் ரொம்ப வருஷம் இருந்தவர்கள், இங்கிலீஷ் நன்றாகப் பேசினார்கள். மகன் வீட்டுக்குப் போகிறார்கள். நான் கனியைப் பற்றியும் விரதத்தைப் பற்றியும் சொன்னேன்.

முதல் தட்டு வந்தது. நான் வேண்டாம் என்றேன். லாத்தா தட்டைத் திறந்து பார்த்து, "சோறு வேகல. நீங்கோ விரதம் இருக்கதுதான் புத்திசாலித்தனம்" என்றார்கள். என் தட்டில் இருந்த பழத்தையும் அவர்களே சாப்பிட்டார்கள்.

முன்னால் இருந்த சின்ன டிவியில் விமானம் போகிற பாதையைக் காட்டினார்கள். இன்னும் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் என்று எழுதியிருந்தது. தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் நாற்பது கிலோமீட்டர். பாதயாத்திரை நடந்தால் கால் கொப்பளிக்கும். அதைப்போல முந்நூறு தடவைக்கு மேல்! அதிலும் அமெரிக்கா மேற்கே இருக்கிறது என்பார்கள், இந்த விமானமோ வடக்கே ஏறிக்கொண்டிருந்தது. ஓட்டுகிறவர் வழி தப்பிவிட்டாரோ என்று பயந்து லாத்தாவிடம் கேட்டேன். "உருண்டைப் பந்துல அதுதான் குறுக்கு வழியாம். என் மவன் சொல்லுவான். எனக்கும் வெளங்காது" என்றார்கள்.

நேரம் போயிற்று. அடுத்த தட்டு வந்து போயிற்று. ஜன்னலை அடைத்து விளக்கை அணைத்து எல்லாரும் தூங்கினார்கள். நான் ஜன்னலை ஒரு விரல்கடை தூக்கிப் பார்த்தேன். சூரியன் எங்கள் ஊரில் காலை ஏழு, ஏழரை மணிக்கு நிற்கிற உயரத்தில் நின்றது. ஒரு தூக்கம் போட்டு எழுந்து பார்த்தேன். அதே உயரம். இன்னொரு தடவை பார்த்தேன். அதே இடம். ஆணி அடித்த மாதிரி.

லாத்தாவை எழுப்பினேன். "லாத்தா, ஹூஸ்டன்ல சாயங்காலம் எப்பம் வரும்?"

அவர்கள் டிவியைப் பார்த்து விரலை மடக்கினார்கள். "இன்னும் ஒம்பது மணி நேரத்துக்கு மேலல்லோ இருக்கு. நாம சூரியன் கூடயே போறோம். அது நம்மள விட்டுட்டுப் போவாது."

அப்போதுதான் புரிந்தது. ஒரு பகல் தூரம் என்று என் வீட்டுக்காரர் சொன்னது சரிதான். ஆனால் அந்தப் பகல் இரண்டு பகல் நீளம். கப்பல் மெதுவாகப் போகிறது, அதனால் எந்தக் கடலிலும் பகல் ஒரு பகல் நீளமாகவே இருக்கும். இவ்வளவு வேகமாக மேற்கே ஓடினால் பகல் இழுபடும் என்று கயிறு விற்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்?

பாத்ரூம் போகலாம் என்று எழுந்தேன். நாலு அடி வைத்தது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் கண் விழித்தபோது கீழே கிடந்தேன். மூக்கில் காற்றுக் குழாய். ஒரு பணிப்பெண் என் கையில் பட்டை சுற்றி பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தாள். லாத்தா என் தலையை மடியில் வைத்திருந்தார்கள்.

பணிப்பெண் ஜூஸை வாயருகே கொண்டுவந்தாள். நான் இரண்டு கையையும் கூப்பினேன். அவள் கடகடவென்று ஏதோ சொன்னாள். லாத்தா முகம் மாறிவிட்டது.

"என்ன லாத்தா சொல்லுதா?"

"பிரஷர் ரொம்பக் கொறைஞ்சிருக்காம். இன்னொரு தடவ விழுந்தா கேப்டன் கிட்டச் சொல்லுவாஹளாம். வழியில எங்கேயாவது எறக்கி உங்கள ஆஸ்பத்திரியில விட்டுருவாஹளாம்."

"வழியில எங்கன?"

லாத்தா ஜன்னல் பக்கம் கை காட்டினார்கள். கொஞ்சம் முன்னால்தான் எட்டிப் பார்த்திருந்தேன், கீழே ஒரே பனிக்கட்டி. ஒரு வீடு இல்லை, ஒரு மரம் இல்லை. அங்கே நான் படுத்துக் கிடந்தால் கனிக்கு யார்?

லாத்தா என் காதில் குனிந்து சொன்னார்கள். "பயணத்துல எங்களுக்கு நோன்பு கடமை இல்ல. ஊரு போய்ச் சேந்து, விட்ட நோன்பக் களாவா புடிச்சுக்குவோம். நீங்களும் அப்படி வச்சுக்கோங்கோ."

"உங்களுக்குச் சொல்லி வச்சிருக்காக லாத்தா. எங்களுக்கு அப்படிச் சொல்லலியே. நானாத்தான வாக்குக் கொடுத்தேன்?"

"உங்க சாமிக்கு இந்த விமானம் தெரியாதா?" என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டார்கள்.

முருகா, சாப்பிட்டால் வாக்கு போகிறது, சாப்பிடாவிட்டால் பிள்ளை தனியாகக் கிடக்கிறாள், நீயே சொல்லு என்று கண்ணை மூடினேன். கையைத் தூக்கிக் கும்பிடப் போனபோது கடிகாரம் மணிக்கட்டிலிருந்து நழுவி முழங்கைக்கு ஓடியது. பார்த்தால் நம் ஊர் நேரம் நாலு மணி தாண்டியிருந்தது.

நாலு மணி! சாமி இந்நேரம் கடற்கரைக்கு இறங்கப் போகிறார். என் வீட்டுக்காரர் மணலில் நிற்கிறார். நான் வாக்குக் கொடுத்தது எந்த இடத்தில்? அந்த மணலில். யார் விழுந்த பிறகு சாப்பிடுவேன் என்றேன்? சூரன் விழுந்த பிறகு. ஹூஸ்டனில் பொழுது அடைந்த பிறகு என்று நான் எப்போது சொன்னேன்? அது நாங்களாகப் போட்ட கணக்கு. சூரன் ஹூஸ்டனிலா விழுகிறான்?

"லாத்தா, இன்னும் கொஞ்ச நேரம் பொறுக்கச் சொல்லுங்க. ஆறு மணிக்குள்ள முடிஞ்சிரும்."

"சூரியன் இன்னும் நிக்கிதே?"

"அது நிக்கட்டும். நான் விரதம் இருக்கது சாமி கையில உள்ள வேலைப் பாத்து."

லாத்தா பணிப்பெண்ணிடம் பேசினார்கள். "இவங்க ஊர்ல ஒரு பண்டிகை நடக்குது. அது முடிஞ்சதும் சாப்பிடுவாங்க" என்றார்களாம். "எப்போது முடியும்?" என்று அவள் கேட்டிருக்கிறாள். "மூணு தலை விழணும்" என்று நான் சொன்னதை லாத்தா அப்படியே இங்கிலீஷில் சொல்ல, அந்தப் பெண் இரண்டு அடி பின்னால் போய்விட்டாள். பிறகு சீட்டைச் சாய்த்து என்னைப் படுக்க வைத்து, தண்ணீர் மட்டும் கொடுத்து, அடிக்கடி வந்து பார்த்துக்கொண்டாள். நல்ல பிள்ளை.

நான் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து லாத்தாவுக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். "இப்பம் சாமி எதிர்ல யானைத்தலைக்காரன் வாரான். மூணு சுத்து சுத்துவான். வேல் போகுது. போயிட்டான்."

"அடுத்து?"

"சிங்கத்தலை. இவன் கொஞ்சம் ஆட்டம் போடுவான்."

"சின்னப்புள்ளையில எங்க வூட்டு மாடியில இருந்து அந்தக் கூட்டம் போறதப் பாப்போம். நடந்து நடந்து போவாஹ. உள்ள என்ன நடக்கும்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியுது. அடுத்து யாரு?"

"சூரனே வாரான்."

முள் ஆறைத் தொட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் பொறுத்தேன். கூட்டம் அதிகமாக இருந்தால் பிந்தும். பிறகு "அரோகரா" என்று எழுந்தேன். முன் சீட்டில் தூங்கியவர் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

இனி தலை முழுக வேண்டும். விமான பாத்ரூமில் கை கழுவுகிற தொட்டி ஒரு சோற்றுச் சட்டி அகலம்தான் இருக்கும். காகித டம்ளரில் பிடித்துப் பிடித்துத் தலையில் ஊற்றினேன். குழாயை விட்டால் நின்றுவிடும், மறுபடியும் அழுத்த வேண்டும். ஒரு கை குழாயில், ஒரு கை தலையில். தண்ணீர் கதவுக்கு அடியில் ஓடி வெளியே போயிருக்கிறது. டொக் டொக் என்று தட்டினாள் பணிப்பெண். நான் சொட்டச் சொட்ட வெளியே வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். லாத்தா அவளிடம், "பண்டிகை முடிஞ்சிருச்சு" என்று மட்டும் சொல்லி, தன் துப்பட்டியின் ஒரு முனையால் என் தலையைத் துவட்டினார்கள்.

தினைமாவு உருண்டையை முருகனுக்குக் காட்டிவிட்டு வாயில் வைத்தேன். தேன் இல்லாவிட்டாலும் அன்றைக்கு இருந்த ருசி சொல்ல முடியாது. பணிப்பெண் சூடாகப் பால் கொண்டுவந்தாள். லாத்தாவுக்கும் ஒரு உருண்டை கொடுத்தேன். பதிலுக்கு அவர்கள் பையிலிருந்து தம்மடை எடுத்தார்கள், அவர்கள் ஊர்ப் பலகாரம்.

"முட்டை போட்டதா லாத்தா?"

"ஆமா. நீங்கோ கேக்காம இருந்திருந்தா நானும் சொல்லியிருக்க மாட்டேன்."

வயிறு குலுங்கச் சிரித்தோம். அதற்குப் பிறகு நான் தூங்கிய தூக்கம் இருக்கிறதே! இறங்கும்போதும் சூரியன் மேலேதான் இருந்தது. நான் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை.

ஹூஸ்டனில் லாத்தாவைச் சக்கர நாற்காலியில் வைத்து வேறு வழியாகக் கூட்டிப்போனார்கள். என்னை ஒரு அதிகாரி நிறுத்தி லேகியத்தை மோந்து பார்த்தார். முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். உடனே மூடிக் கையில் கொடுத்து, போங்கள் என்று கை காட்டிவிட்டார். வெளியே வந்தால் கனி இல்லை. அவள் பக்கத்து வீட்டுப் பெண் நின்றாள். போனில் என் போட்டோவைக் காட்டி, என்னையும் காட்டி, வயிற்றைத் தொட்டு, ஆஸ்பத்திரி என்றாள். வலி மதியமே வந்துவிட்டது.

காரில் போகும்போது பார்த்தேன். அவ்வளவு அகலமான ரோடு, நடந்து போகிற ஒரு ஆள் கிடையாது. பெட்டிக்கடை கிடையாது. யாரிடம் வழி கேட்பார்கள் இந்த ஊரில்?

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கனி வியர்த்துக் கிடந்தாள். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த வலியிலும் முதலில் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே வெயில் இருந்தது.

"இன்னும் பொழுது அடையலியேம்மா. நீ சாப்பிட்டிருக்க மாட்டியே."

"சாப்பிட்டேன்ளா. சூரன் விழுந்தாச்சு. தலை முழுகிட்டுத்தான் சாப்பிட்டேன்."

இன்னும் ஈரம் காயாத என் பின்னலைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம்தான் என் கையை விட்டுக் கட்டில் கம்பியைப் பிடித்தாள்.

நம் ஊரில் பெற்ற தாயை வெளியே வராண்டாவில் உட்கார வைத்துவிடுவார்கள். அங்கே நர்ஸ் என்னைக் கூப்பிட்டு, கனியின் ஒரு காலைத் தாங்கிப் பிடிக்கச் சொன்னாள். நான் பிடித்தேன். ஒவ்வொரு வலிக்கும் அவள் தன் முழு பலத்தையும் என் தோளில் உதைத்து இறக்கினாள். நான் அசையவில்லை. இருட்டி ஜன்னலில் விளக்குகள் தெரிந்த நேரத்தில் பேத்தி பிறந்தாள். தொப்புள்கொடியோடு தூக்கி நேரே கனியின் நெஞ்சில் போட்டார்கள். வேண்டுதல் முடிந்தது.

அடுத்த நாள் பிள்ளை பெற்றவளுக்கு ஐஸ் போட்ட தண்ணீர் கொடுத்தார்கள். நர்ஸ் போனதும் அதை நான் குடித்துவிட்டு, அவளுக்கு வெந்நீர் கொடுத்தேன். அந்தப் பட்டணத்தில் இருந்த நாள் முழுவதும் இப்படிச் சின்னச் சின்னத் திருட்டுத்தனம்தான். முருகன் கண்டுகொள்ளவில்லை.

ஊருக்குத் திரும்பினால் எனக்கு முன்னால் கதை வந்து நிற்கிறது. என் மதினி, "பொழுது சாயுமுன்னே சாப்பிட்டுட்டாளாம், விரதம் முறிஞ்சு போச்சு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். கோயிலுக்கு வருகிற பெண்கள் குழுவில் இதற்கு நேர்மாறான ஒரு கதை போனில் சுற்றியது. விமானத்தில் மயங்கியவளுக்கு முருகனே ஒரு கிழவி வேஷத்தில் வந்து பால் கொடுத்து மறைந்தாராம். அது அடங்கவே இல்லை, இந்த வருஷம் எனக்கே அதை அனுப்பி, பத்துப் பேருக்கு அனுப்பச் சொன்னார்கள். அதைப் படித்த அன்றைக்குத்தான் எழுதியே ஆக வேண்டும் என்று பேனாவைத் தேடினேன்.

கிழவி வேஷத்தில் யாரும் வரவில்லை. வந்தது காயல்பட்டணத்து லாத்தா. அவர்கள் எங்கேயும் மறையவில்லை. மகன் வீட்டுக்குப் போனார்கள். பால் கொடுத்தது அந்தப் பணிப்பெண். பிள்ளைகள் தூர தேசத்தில் இருக்கிற அம்மாமார் நம் தெருக்களில் நிறைய இருக்கிறார்கள். அவர்களும் விரத நாளில் விமானம் ஏறுவார்கள். அதிசயக் கதையைப் படித்தால் தங்களுக்கும் யாரோ வருவார் என்று பட்டினி கிடப்பார்கள். எந்த மணலில் வாக்குக் கொடுத்தீர்களோ அந்த ஊர் நேரத்தைப் பாருங்கள் தாயே, நேரம் வந்ததும் சாப்பிடுங்கள். பிள்ளையின் காலைப் பிடிக்கக் கையில் பலம் வேண்டும்.

படிக்கிறவர்கள் இதை நாலு பேருக்குக் கொடுங்கள். ஒரு மயிலையும் இதில் சேர்க்க வேண்டாம். லாத்தாவை எடுத்துவிட்டு வேறு யாரையும் அங்கே உட்கார வைக்கவும் வேண்டாம். அந்த சீட்டில் அவர்கள்தான் இருந்தார்கள்.